மாரடைப்பு என்று ஒரு வரி

விழுப்புரம்
18.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை புனிதா எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே நீங்கள், அண்ணி, பிள்ளைகள் சித்ரா, பூவரசன் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறவள், கையில் போனை வைத்துக்கொண்டு எதற்கு இன்லண்ட் லெட்டர் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் ஆய்வு மையத்தில் புதுத் திட்டம் தொடங்கியிருக்கிறது. பெயர் 'தோளோடு தோள்'. வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு, அளவு மீறி மூச்சு நின்றுபோகிற பிள்ளைகளைப் பற்றியது. அவர்களைத் தூரத்தில் நின்று ஆராயாமல் பக்கத்தில் நின்று ஆராய வேண்டும் என்பது கொள்கை. நலோக்சோன் என்று ஒரு மருந்து, சின்னக் குப்பி. மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறவன் தொடையில் ஊசியாகப் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, போட்டவரையே திட்டுவான். அதை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்துப் பழக்குகிறோம்.

முதல் கட்டம் விழுப்புரத்துக்கு மட்டும். திண்டிவனம் ஒப்பீட்டு ஊர். அங்கே மருந்து கொடுக்காமல் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டாம் கட்டத்தில் அங்கேயும் கொடுப்போம். யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்று திட்டத்தின் பெயர் போட்ட பனியன் மட்டும் இரண்டு ஊருக்கும் அடித்திருக்கிறார்கள்.

இரண்டு ஊரும் பேசிக்கொண்டால் ஆய்வு கலந்துவிடுமாம். திண்டிவனத்துக்குப் பேசுகிற ஒவ்வொரு போனையும், பேசிய விஷயத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணியின் முட்டிவலியை எங்கள் இயக்குநர் நடராசன் படித்துக்கொண்டிருப்பார். விதிமுறையை மூன்று தடவை படித்தேன். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதம் எழுதுகிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பூவரசன் எப்படி இருக்கிறான்? வேலை ஏதும் அமைந்ததா?

உங்கள் அன்புத் தங்கை,
புனிதா

*

திண்டிவனம்
4.4.2024

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் அறிவுச்செல்வன் எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நலம். தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "இன்னா சார், வக்கீல் நோட்டீஸா?" என்றார். தங்கச்சி லெட்டர் என்றேன். நம்பாமல் பார்த்துக்கினே போனார்.

ஒன்றும் கிடைக்காமல் காத்திருப்பதுதான் ஒப்பீட்டு ஊரின் வேலை என்றால் சரியான ஊரைத்தான் பிடித்திருக்கிறீர்கள். சென்னை பஸ் மேம்பாலத்தின் மேலேயே போய்விடும், நாங்கள் கீழே நின்று கை காட்டிக்கொண்டிருப்போம். அந்தப் பழக்கம் எங்களுக்கு உண்டு.

ஆனால் நீங்கள் தேடுகிற கணக்கு என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் நம் கடையில்தான். போன ஒரு வருஷத்தில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே பத்தொன்பது பேருக்குப் போட்டிருக்கிறேன். நாலு பேர் பைக். மீதிப் பதினைந்து பேருக்கும் மாரடைப்பு.

வயது இருபத்திரண்டு என்று பேனரில் போட்டால், பார்க்கிறவன் எதனால் என்று கேட்பான். அதனால், "அண்ணே, மாரடைப்புன்னு ஒரு வரி சேத்துடு" என்பார்கள். இப்போதெல்லாம் அவர்கள் கேட்பதுமில்லை, நான் கேட்பதுமில்லை. அந்த வரியைக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். போட்டோவும் பெரும்பாலும் எங்களிடமே இருக்கும், போன பிறந்தநாளுக்குக் கூலிங் கிளாஸோடு எடுத்தது. ரோஸ் கலரைக் கறுப்பாக்கினால் வேலை முடிந்தது. டிசைன் பார்க்கிற குமரேசனுக்கு ஏழு நிமிடம் ஆகிறது.

சித்ராவுக்கு வரன் பார்க்கிறோம். மல்லாட்டை வந்ததும் கொடுத்தனுப்புகிறேன், உன் மையத்தில் வேர்க்கடலை என்று சொல்லிக் கொடு. பனியன் என்ன சைஸ் வரும்?

இப்படிக்கு அண்ணன்,
அறிவுச்செல்வன்

*

விழுப்புரம்
27.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணிக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இதுவரை ஒன்பது பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் திட்டினார்கள். அதையும் பதிவு செய்கிறோம்.

உங்கள் பதினைந்து மாரடைப்பைப் பற்றி, யார் சொன்னது என்று சொல்லாமல் இயக்குநரிடம் சொன்னேன். பேனர் ஆதாரம் ஆகாதாம். வீட்டார் படிவத்தில் 'மாத்திரை ஊசியால் இறந்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது உறுதியான மரணம். திண்டிவனத்தில் உறுதியான மரணம் பன்னிரண்டு சேர வேண்டும். சேர்ந்தால்தான் விழுப்புரத்தோடு ஒப்பிட முடியும். பன்னிரண்டு என்றைக்குச் சேர்கிறதோ, அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அங்கே மருந்து. சேராவிட்டால் சேருகிறவரை காத்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் போதுமான பேர் சாகவில்லை என்று அறிக்கையில் எழுத முடியாது என்பதால் 'எண்ணிக்கை முதிரவில்லை' என்று எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போகிறார்கள். பனியனைப் பார்த்ததுமே கதவைச் சாத்துகிறார்களாம். நீங்கள் போனால் பேசுவார்கள். இந்தக் கவரில் வெற்றுப் படிவம் இருபது வைத்திருக்கிறேன்.

பூவரசனைப் பற்றி எழுதவே இல்லையே. எப்படி இருக்கிறான்?

அன்புடன்,
புனிதா

*

திண்டிவனம்
22.7.2024

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அனைவரும் நலம், உன் நலம் எழுது. பதினைந்து வீட்டுக்கும் போனேன்.

முதல் வீட்டில் தகப்பன்காரன் சொன்னான்: "நீதானே மாரடைப்புன்னு எட்டடிக்கு ஆறடியில போட்ட? இப்ப நீயே வந்து இல்லைன்னு எழுதிக்குடுன்றியே. இன்னா பேஜாருண்ணே இது?" நியாயமான கேள்வி. டீ குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொரு வீட்டில் அந்தம்மா கதவை விட்டு வெளியே வரவில்லை. "என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடியல சார். ஊசின்னு கையெழுத்துப் போட்டா எவன் வருவான்? ஜல்தி கெளம்புங்க, அவரு வர்ற நேரம்."

நாலு வீட்டில் கையெழுத்துக் கிடைத்தது. அந்த நாலு வீட்டிலும் பெண்பிள்ளை கிடையாது. இதைப் பற்றி ஆராய வேண்டுமானால் உங்கள் மையம் தனியாக ஒரு திட்டம் போடலாம்.

சித்ராவுக்குக் கோலியனூரில் ஒரு இடம் கூடி வந்திருக்கிறது. பையனின் அப்பா பெயர் விருத்தாசலம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார். பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். குடும்பம் எப்படி என்று நம் தெருவில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

பூவரசன் பாண்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தங்கி வேலை. போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

அண்ணன்,
அறிவுச்செல்வன்

*

விழுப்புரம்
10.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமா? சித்ரா விஷயம் கேட்டு மனசு நிறைந்தது.

போன வாரம் பாண்டியில் ஒரு ஓட்டலில் தோழமைக் கூட்டம் நடந்தது. திண்டிவனத்துக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு மதியச் சாப்பாடு. மருந்தைப் பெறாமலே ஆய்வுக்கு உதவுகிற அந்த மக்களின் பெருந்தன்மையைப் பற்றி ஒருவர் பேசினார். அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று நான் எழுந்து சொன்னேன். நல்ல கருத்து என்று குறித்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கை நாலிலேயே நிற்கிறது.

கூட்டம் முடிந்து பூவரசனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். கம்பெனி பெயர் தெரியாமல் எங்கே போவது? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
புனிதா

*

திண்டிவனம்
5.11.2024

பாசமுள்ள பாப்பாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீபாவளி வாழ்த்து பேனர் வேலை.

ஒரு உதவி. கடை வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம். அவர் மகன் மூன்று மாதமாக மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். இந்த மாதம் இருபதாம் தேதி வீட்டுக்கு வருகிறான். சுத்தமாக இருக்கிறானாம், உடம்பு தேறியிருக்கிறானாம். இருந்தாலும் தகப்பனுக்குப் பயம். அந்தக் குப்பி ஒன்று கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்வார். தேவைப்படாது. சும்மா இருந்தால் தைரியம்.

உனக்குக் கஷ்டம் என்றால் வேண்டாம். அவரிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. நீ வந்துவிட்டு உடனே ஓடிவிட்டாய் என்று அண்ணிக்கு வருத்தம்.

அண்ணன்,
அறிவுச்செல்வன்

*

விழுப்புரம்
19.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் யோசித்தேன்.

குப்பி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வாரா வாரம் எண்ணுகிறார்கள். திண்டிவனத்தில் ஒன்று போய்ச் சேர்ந்தது தெரிந்தால் ஆய்வே செல்லாது, நாளைக்கு ஒரு ஊருக்கும் கிடைக்காது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் பத்து நாள் ஆனது. முடியவில்லை. அந்தப் பையனை விழுப்புரத்தில் ஒரு வீடெடுத்துத் தங்கவைத்தால் கொடுக்கலாம். அதற்கும் ஆறு மாத முகவரிச் சான்று வேண்டும்.

அவரிடம் இதைச் சொல்லுங்கள். மையத்திலிருந்து வந்த முதல் வாரம்தான் ஆபத்து. உடம்புக்குப் பழைய பழக்கம் போயிருக்கும். பழைய அளவையே போட்டால் தாங்காது. அந்த ஒரு வாரம் அவனைத் தனியாக விடக் கூடாது.

அண்ணா, யார் அந்த வாடிக்கையாளர்?

புனிதா

*

விழுப்புரம்
16.12.2024

அண்ணா,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அண்ணியைச் சாப்பிட வையுங்கள்.

துக்கத்துக்கு வந்த இடத்தில் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. புதன்கிழமை இரண்டு குப்பியை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். சனிக்கிழமை வருவதாக இருந்தேன். லீவுக்கு மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை அண்ணி போன் செய்தார்.

அந்தப் போனைப் பதிவேட்டில் எழுதினேன். விஷயம் என்ற கட்டத்தில் குடும்பத்தில் மரணம். காரணம் என்று அடுத்த கட்டம். மாரடைப்பு என்று எழுதினேன்.

வாசலில் வந்தவர்களிடமும் நான் அதையே சொன்னேன். நீங்கள் சொல்வதைக் கேட்டு, அதே வார்த்தையில். கோலியனூர்க்காரர்கள் கேட்டபோதும் சொன்னேன். இந்த மாவட்டத்தில் இந்த மரணத்தைப் பற்றி அதிகம் படித்தவள் நான்தான்.

குப்பி இரண்டையும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலே, கேப்பை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். திருப்பி எடுத்துவர மனசு வரவில்லை. ஊசி போடும் விதத்தைத் தாளில் எழுதிச் சுற்றியிருக்கிறேன்.

உங்களிடம் நான் எந்தப் படிவமும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன்.

புனிதா

*

திண்டிவனம்
8.1.2025

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணி ஒரு வேளை சாப்பிடுகிறாள்.

வாடிக்கையாளர் யார் என்று கேட்டிருந்தாய். உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. அவன் இருபதாம் தேதியே வந்துவிட்டான். கன்னம் உப்பி, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். முதல் வாரம்தான் ஆபத்து என்று நீ எழுதியிருந்தாய். வாரம் முடியும்வரை கடைக்குப் போகவில்லை. வாசற்படியில் பாய் போட்டுப் படுத்தேன். "இன்னாப்பா, ஜெயிலா இது?" என்று சிரித்தான். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். இருபத்தேழாம் தேதியோடு வாரம் முடிந்தது. எட்டாம் நாள் காலையில் ஒரு பிறந்தநாள் பேனர் அவசரம் என்று குமரேசன் கூப்பிட்டான். போனேன்.

நீ எழுதியதில் தப்பில்லை. வாரம் என்றால் ஏழு நாள் என்று எடுத்துக்கொண்டவன் நான்.

அன்றைக்கு அவனுடைய பேனரையும் குமரேசன்தான் போட்டான். யாரும் சொல்லவில்லை. கோப்பைத் திறந்தான், பெயரும் தேதியும் மாற்றினான், அந்த வரி தானாக வந்தது. அடியில் நம் கடைப் பெயர். பதினாறு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினைந்து பேருக்கும் அந்த வரியைப் போடாமல் இருந்திருந்தால் உன் பன்னிரண்டு எப்போதோ சேர்ந்திருக்கும். தீபாவளிக்கு முன்னால் மருந்து வந்திருக்கும். இந்தக் கணக்குக்குப் படிவம் தேவையில்லை.

முப்பதாம் நாளுக்கு வேறு பேனர் போட்டேன். 'பூவரசன், வயது 23. வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொண்டு, அளவு மீறி இறந்தான். மாரடைப்பு அல்ல. அப்பா, அம்மா, அக்கா.' குமரேசன், "அண்ணே, சித்ராவ நெனச்சிப் பாருண்ணே" என்றான். பிழை பார்த்ததே சித்ராதான். மறைந்தார் என்று இருந்ததை இறந்தான் என்று மாற்றச் சொன்னாள். "தம்பியப் போயி யாரு 'ர்' போட்டு எழுதுவா?" என்றாள்.

விருத்தாசலம் மறுநாள் வந்தார். பேனருக்குக் கீழே நின்று இரண்டு தடவை படித்தார். கடையில் டீ குடித்தார். மரியாதையான மனிதர், காரணம் எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்னால் நிச்சயப் புடவையைக் கொடுத்தனுப்பச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார்.

படிவம் உள்ளே இருக்கிறது. நானும் அண்ணியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இரண்டாம் தேதி எதிர்த்தெரு தென்னரசுக்கு மூச்சு அடங்கிவிட்டது என்று ஓடிவந்தார்கள். உன் தாளைப் பார்த்து நானே போட்டேன். எழுந்து என் அம்மாவைச் சொல்லித் திட்டினான். அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்,
அறிவுச்செல்வன்

*

விழுப்புரம்
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? அண்ணி இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாரா? சித்ரா என்ன செய்கிறாள்?

உங்கள் பேனரைப் பார்த்துவிட்டு ஏழு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அதில் நாலு வீட்டில் பெண்பிள்ளை உண்டு. நாலும் ஏழும் பதினொன்று. பூவரசனோடு பன்னிரண்டு. ஜனவரியிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று குழு கூடியது. பூவரசனின் படிவத்தை நீக்கிவிட்டார்கள். ஆய்வுப் பணியாளரின் உறவினர் மரணத்தைச் சேர்த்தால் பாரபட்சம் ஆகுமாம். அவனை வெளியே எடுக்காதீர்கள், என்னை வெளியே அனுப்புங்கள் என்றேன். நான் போனாலும் அவன் என் அண்ணன் மகன்தான் என்றார்கள். அனுதாபத் தீர்மானம் ஒன்று போட்டார்கள். எண்ணிக்கை பதினொன்று.

இரண்டு குப்பி குறைந்தது அந்த வாரமே இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது; 'உடைந்தது' என்று எழுதி வைத்திருந்தார். நேற்றுதான் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "உங்க இடத்துல இருந்தா நானும் இதைத்தான் செய்திருப்பேன், புனிதா. அதனாலதான் சாவியை இனி நானே வைத்துக்கொள்கிறேன்" என்றார். இனி என்னால் ஒன்றும் அனுப்ப முடியாது. மீதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

புனிதா

*

திண்டிவனம்
2.5.2025

பாசமுள்ள பாப்பாவுக்கு,

இங்கே இருக்கிற மூன்று பேரும் நலம். சித்ரா இப்போது கடைக்கு வருகிறாள். கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள்தான் பார்க்கிறாள்.

மீதி ஒன்று இல்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே பிப்ரவரியில் கோவிந்தம்மாள் மகன் பிரவீன்குமாருக்குப் போட்டுவிட்டேன். மல்லாட்டை மண்டியில் மூட்டை தைக்கிறாளே, அந்தக் கோவிந்தம்மாள். பையன் எழுந்தான், திட்டினான், மறுநாள் வந்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். பூவரசனோடு படித்தவன்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி மறுபடியும் ஓடிவந்தாள். "அண்ணா, அந்த ஊசி குடுண்ணா, ஜல்தி" என்றாள். கேப்பை மாவு டப்பாவை எடுத்துவிட்டு, பின்னால் ஒன்றும் இல்லை என்று காட்டினேன். அவள் நம்பவில்லை. டப்பாவை வாங்கி உள்ளேயும் கைவிட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மாவு ஒட்டிய அதே புடவையோடு கடைக்கு வந்தாள். பிறந்தநாள் போட்டோ எங்களிடம் இருந்தது. வாசகம் என்ன போட என்று சித்ரா கேட்டாள். "உன் தம்பிக்குப் போட்ட மாதிரியே போடும்மா" என்றாள். பிறகு தானாகவே படிவத்தைக் கேட்டு வாங்கிக் கைநாட்டு வைத்தாள். அவள் உங்களுக்கு உறவு இல்லை. விசாரித்துக்கொள்ளலாம்.

ஆகப் பன்னிரண்டு. ஜூன் ஒன்றாம் தேதி திண்டிவனத்தில் மருந்து என்று சொல்லிக்கொண்டு உங்கள் மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொடக்க விழாவுக்கு இருபதடி பேனர் நம் கடைக்கே வந்திருக்கிறது. 'நன்றி திண்டிவனம்' என்று பெரிதாக வர வேண்டுமாம். ரோஸ் கலர் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஊரிலும் மருந்து வந்துவிட்டால் கலப்பு இல்லை, இனிமேல் நாம் போனில் பேசலாம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். கொஞ்ச நாள் வேண்டாம் பாப்பா. முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் பூவரசன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாய். நான் மல்லாட்டை, பனியன், தீபாவளி என்று எதையாவது எழுதித் தப்பித்துக்கொள்வேன். போனை எடுத்ததும் பழக்கத்தில் அதையே கேட்டுவிடுவாய். போனில் உடனே ஏதாவது சொல்ல வேண்டும்.

கடிதமே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அறிவுச்செல்வன்